ரெண்டு கையும் ஸ்டீரிங்கில்

உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலோரம் வேணுமுங்களா? எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். திருச்செங்கோடுங்களா? அப்ப ஒண்ணாத்தான் எறங்கறோம், நல்லதாப் போச்சு. இந்த டிரைவரப் பாத்தீங்களா, ஏறி உக்காந்ததும் மொதல்ல கண்ணாடியச் சரி பண்ணுனான். அதுக்கே பாதி மார்க்குக் குடுக்கலாமுங்க. மீதிய பாலம் தாண்டறப்ப பாத்துட்டுச் சொல்றேன்.

எம் பேரு அர்த்தநாரி. முப்பத்தொரு வருசம் லாரி ஓட்டுனவன். அஸ்ஸாம் வரைக்கும் போயிருக்கறேன். ஒரு ஆக்சிடென்ட் கெடையாது. ஒரு கோழி கூட எஞ் சக்கரத்துல உழுந்ததில்லீங்க. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு பஸ்ஸுல தனியா உக்காந்துட்டு வர்றேன்.

ஈரோட்டுக்கு எம் புள்ளையக் கூப்புடத்தான் போனேன். ஒரே புள்ள, மேகலா. புருசன் அடிக்கறான்னு மூணு மாசமா தனியா ஒரு ரூம் எடுத்து இருக்கறா. எம் பொண்டாட்டி பாவாயியும் அவகூடவே போய் உக்காந்துட்டா. திரும்பப் போனா அவன் என்னக் கொன்னு போடுவாங்கறா புள்ள. அப்படியெல்லாம் ஆகாது, நான் பேசி முடிச்சுட்டேன், கெளம்புங்கறேன் நானு. இதானுங்க பிரச்சின. நீங்க படிச்சவராட்டம் இருக்கறீங்க. முழுசாக் கேட்டுட்டு யார் மேல தப்புன்னு சொல்லுங்க.

எங்க பக்கம் இப்பெல்லாம் சீர்னா காரு இல்லாமப் பத்தாதுங்க. கட்டில் பீரோவெல்லாம் எங்க அப்பன் காலத்தோட போச்சு. மாப்பள நவநீதன் ராசிபுரம். அவிய கேட்டாங்க, நானும் செரின்னேன். ஆனா ஒண்ணு சொல்லிப்போட்டேன், வண்டிய நாந்தான் பாத்து எடுப்பேன்னு. நகையில ரெண்டு கொறையட்டும், ஏர்பேக்குல ஒண்ணு கொறையக் கூடாது. ஏர்பேக் இல்லாத வண்டியில எம் புள்ளைய ஏத்த மாட்டேன்னேன். எந்த அப்பன் இப்படி ரோசன பண்ணுவான், சொல்லுங்க?

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாலயே வண்டி வந்துருச்சு. வெள்ளைக் காரு. ரிப்பன் கூட அவுக்காம ஊட்டு வாசல்ல நிக்குது. ஒரு நாள் காத்தால டயருக்குக் காத்துப் பாக்கலாம்னு வெளிய வந்தா, பானெட்டு மேல சாக்க விரிச்சு மொளகாயக் காயப் போட்டிருக்கறா பாவாயி. புது வண்டிங்க! நல்லா வெயில் உழுகற எடம் அதுதானுங்கன்னு சொல்றா. எனக்குக் கண்ணு மறைச்சுருச்சு. கையில இருந்தது காத்தடிக்கற பம்பு, அதுலயே ரெண்டு போட்டேன். அவளுக்கு வலது கையில ரெண்டு வெரலு ஒடிஞ்சு போச்சு. இன்னமும் மடங்காது. கல்யாணத்தன்னைக்குக் கையில கட்டோட நின்னா. போட்டோவுல பூராவும் முந்தானைக்குள்ள கைய வெச்சுட்டு நிக்கறா, பாத்தா எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கும். ஆனா பெயின்ட்டுல ஒரு கீறல் உழுகல, அது வரைக்கும் புண்ணியம்.

நான் கோவக்காரன்னு நெனைச்சுராதீங்க. கோவத்த எங்க வெக்கணும்னு தெரிஞ்சவன். ஒருக்கா தொப்பூர் கணவாயில போய்ட்டு இருக்கறோம், பாவாயியும் லாரியில வந்தா. அவ அண்ணங்காரன் ஊட்டுப் பேச்ச எடுத்துட்டு ஓயாமத் தொணதொணங்கறா. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிப் போச்சு. அடிச்சனுங்களா? இல்லீங்க. இன்டிகேட்டர் போட்டேன். ஓரங்கட்டுனேன். ஹேண்ட் பிரேக் இழுத்தேன். எறங்கி, பின்சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். அப்பறம் அந்தப் பக்கக் கதவத் தெறந்து அவள எறக்கி, அதுக்கப்பறந்தான் அடிச்சேன். ஓட்டறப்ப ரெண்டு கையும் ஸ்டீரிங்குல இருக்கணுமுங்க. அதுல நான் யாருக்கும் எளக்கம் குடுக்க மாட்டேன், எனக்கும் குடுத்துக்க மாட்டேன்.

செரி, விசயத்துக்கு வர்றேன். வண்டிய சீராக் குடுத்துட்டாலும் மனசு கேக்குமுங்களா? மாசத்துல மொத ஞாயித்துக்கெழம ராசிபுரம் போயிருவேன். பொண்ணு ஊட்டுக்குப் போறவன் பழம் வாங்கிட்டுப் போவான், நான் காத்துப் பாக்கற கேஜு கொண்டுட்டுப் போவேன். நாலு டயரு, ஸ்டெப்னி, ஆயிலு, தண்ணி, பிரேக் ஆயிலு, வைப்பரு, லைட்டு. எல்லாம் பாத்துட்டுத்தான் கை கழுவி உக்காருவேன். மாப்பளைக்கு அது புடிக்கல. "மாமா, சர்வீஸ்ல பாத்துக்குவாங்க, நீங்க உள்ள வாங்க" அப்படீம்பான். சர்வீஸ்காரன் புள்ளையா அதுல போகுது? எம் புள்ள போகுதுங்க.

வண்டி பொய் சொல்லாதுங்க. ஓட்டறவன் எப்படி ஓட்டறான், உக்காந்து வர்றவ எப்படி உக்காந்து வர்றா, எல்லாம் வண்டியே சொல்லிப்போடும். மூணாவது மாசம் போனப்ப, முன்கண்ணாடியில எடது பக்கம் ஒரு விரிசல். கல்லடிச்சிருச்சு மாமாங்கறான். நான் நகத்த வெச்சு ஓட்டிப் பாத்தேன். வெளிய வழவழன்னு இருக்குது, உள்பக்கம் நகம் மாட்டுது. உள்ள இருந்து உழுந்த அடிங்க அது. என்னை ஏமாத்த முடியுமா? எம் புள்ளையப் பாத்தேன், நெத்தியில பேண்டேஜு. அப்பவே புடிச்சுட்டேன். "அம்மிணி, நீ பெல்ட்டுப் போடலதான? சடன் பிரேக்குல போய் மோதியிருக்கறே"ன்னேன். அவ அவனப் பாத்தா. அப்பறம், "ஆமாங்கப்பா, போடல"ன்னா. வந்துச்சு பாருங்க எனக்கு, ஓங்கி ஒண்ணு உட்டேன் கன்னத்துல. உசுரு மேல அக்கற இல்லியா உனக்குன்னு. மாப்பளதான் நடுவுல வந்து, "உடுங்க மாமா, சின்னப் புள்ள, இனிமேப் போட்டுக்குவா" அப்படீன்னான். நல்ல பையன்னு நெனைச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சுப் போறேன், புள்ள கழுத்துல செவசெவன்னு ஒரு தடம். ஒரு வெரல் அகலம். இதென்ன சாமின்னு கேட்டேன். சொல்ல மாட்டீங்கறா. நானே போய் வண்டியில அவ சீட்டுல உக்காந்து பெல்ட்ட இழுத்துப் பாத்தேன். மேல மாட்டற எடம் ஒசக்க இருக்குதுங்க. குள்ளமா இருக்கறவங்களுக்குப் பெல்ட்டு தோள்ல வராம கழுத்துல வந்து உரசும். ரெண்டு கட்டம் கீழ எறக்கி வெச்சுட்டேன். புள்ளையக் கூப்பிட்டு உக்கார வெச்சு மாட்டிப் பாத்தேன், கணக்கா தோள்ல வந்து உக்காந்துச்சு. "இனி உரசாது கண்ணு"ன்னேன். அவ என் கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. "அப்பா, நானும் உங்களோட ஊருக்கு வந்தரட்டுங்களா" அப்படீன்னா. "மாப்பளைக்கு யாரு சோறு ஆக்கறது? பெல்ட்டுதான் சரியாப் போச்சே, இன்னும் என்ன"ன்னு சொல்லிக் கதவச் சாத்துனேன். இப்ப அவ சொல்றா, அது பெல்ட்டுத் தடம் இல்லியாம், சேலையில போட்டு முறுக்குனானாம். எனக்கென்னமோ பெல்ட்டாட்டந்தான் இருந்துச்சு.

அப்பறம் இந்தச் சைல்டு லாக்கு. பின்கதவுல சின்னதா ஒரு கொக்கி இருக்கும், பாத்திருப்பீங்க. அதப் போட்டுட்டா உள்ள இருக்கறவங்க கதவத் தெறக்க முடியாது, வெளிய இருந்துதான் தெறக்கணும். ஒரு மாசம் போய்ப் பாத்தா எடது பக்கப் பின்கதவுல அது போட்டிருக்குது. கல்யாணமாயி வருசம் ஒண்ணேமுக்கால் ஆச்சு, கொழந்தையே இல்லாத ஊட்டுல சைல்டு லாக்கு எதுக்குங்க? மாப்பளையக் கேட்டேன். சிரிச்சான். "உங்க பொண்ணுதான் மாமா கொழந்த. போற வண்டியில கதவத் தெறந்து குதிக்கப் பாக்கறா. அதான் பின்னால உக்கார வெச்சு லாக்குப் போட்டுட்டேன்"னான். போற வண்டியில கதவத் தெறக்கறதா! அன்னைக்கும் புள்ளைய நெம்பத் திட்டிப்போட்டேன். கண்ணுல தண்ணி உட்டுட்டு நிக்கறா. மாப்பள கையப் புடிச்சு, "நெம்ப நல்லதாப் போச்சுங்க மாப்பள, உங்களுக்காச்சும் அறிவிருக்குதே"ன்னு சொல்லிட்டு வந்தேன். இதுல என்னங்க தப்பு? கதவத் தெறந்து உழுந்து செத்திருந்தா?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க. தண்ணி வேணுமுங்களா? இந்தாங்க, எடுத்துக்குங்க.

அப்பறந்தான் கொல்லிமல. மூணு மாசம் முன்னால, ஒரு ஞாயித்துக்கெழம, நாங்க நாலு பேரும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கொழந்தை வேணும்னு வேண்டுதல. மாப்பள ஓட்டறான், நான் பக்கத்துல. பின்னால பாவாயியும் புள்ளையும். பின் சீட்டுலயும் பெல்ட்டுப் போட வெச்சுட்டுத்தான் வண்டிய எடுக்கவே உட்டேன். ஏறறப்ப ஒண்ணும் பிரச்சின இல்ல. சாமி கும்புட்டாச்சு, சாப்பிட்டாச்சு, மத்தியானம் எறங்கறோம். உங்களுக்குத் தெரியுமே, எழுபது கொண்டை ஊசி வளைவு. எறக்கம் ஆரம்பிச்சதும் மாப்பள கியரத் தட்டி நியூட்ரலுக்குத் தள்ளிட்டான்.

ஏன்னு கேக்கறீங்களா? பெட்ரோல் மிச்சமாகுதாம்! எத்தன பேரு இப்படிக் கெட்டுப் போறாங்க தெரியுமுங்களா. எறக்கத்துல இன்ஜின்தான் வண்டியப் புடிச்சு நிறுத்தணும். நியூட்ரல்ல உட்டா மொத்தப் பாரமும் பிரேக்கு மேல உழுகும். பிரேக்கு காயும், கருகும், அப்பறம் மிதிச்சா மெத்தைய மிதிச்சாப்பல இருக்கும். அதோட சோலி முடிஞ்சுது. நான் நல்லவிதமாத்தான் சொன்னேன். "மாப்பள, ரெண்டாவது கியர்ல போடுங்க." "இது லாரி இல்ல மாமா." ஒரு வளைவு போச்சு. "மாப்பள, வாசம் வருது பாருங்க." "ஜன்னல ஏத்துங்க, வராது." இன்னொரு வளைவு. எனக்குக் கால் தானாப் போய்த் தரைய மிதிக்குது. அப்ப எம் புள்ள பின்னால இருந்து மெதுவா, "அப்பா சொல்றதக் கேளுங்களேன்" அப்படீன்னா. அவ்வளவுதாங்க சொன்னா.

அந்தப் பய எடது கைய ஸ்டீரிங்குல இருந்து எடுத்தான். திரும்பாமயே, பின்னால வீசி, புள்ள மூஞ்சியில அடிச்சான். பொறங்கையில. சத்தம் எனக்கே காதுல கேட்டுச்சு. உதடு கிழிஞ்சு ரத்தம் சீட்டு மேல தெறிச்சுது. அதோட உட்டானா? மயிரக் கொத்தாப் புடிச்சு முன்னால இழுத்து, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையக் கொண்டாந்து சீட்டு ஓரத்துல முட்டறான். "அப்பன் இருக்கற தைரியமாடி" அப்படீங்கறான். பாவாயி கத்தறா. எதுத்தாப்பல வளைவு. கீழ இருந்து பஸ்ஸு ஆரன் அடிச்சுட்டு ஏறுது. ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி உடணும், அது கூட அவனுக்குத் தெரியல. ஒத்தக் கையி. நியூட்ரலு. பிரேக்கு கருகற வாசம். எனக்கு ரத்தம் கொதிச்சுது பாருங்க! வாழ்க்கையில அப்படியொரு கோவம் எனக்கு வந்ததே இல்ல. ஒத்தக் கையில ஓட்டறானுங்க, கொண்டை ஊசி வளைவுல!

ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். வண்டி ஒரு சுத்துச் சுத்தி, பின்பக்கம் போய்ச் செவுத்துல உரசி நின்னுது. ஒரு பக்கத்து லைட்டு ஒடைஞ்சு போச்சு. பஸ்ஸு ஒரு மொழம் தள்ளிப் போய் நின்னுது. அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லீங்க, ஆகாசந்தான். நான் பெல்ட்டுப் போட வெச்சதுனால பொழச்சோம். இல்லீன்னா அன்னைக்கே நாலு பேருக்கும் சங்குதான்.

எறங்குனேன். மொதல்ல சக்கரத்துக்குக் கல்லு வெச்சேன். டிக்கியத் தெறந்து, செவப்பு முக்கோணம் இருக்குதுல்லீங்க, அத எடுத்துட்டுப் போய் மேல அம்பதடி தள்ளி ரோட்டுல வெச்சுட்டு வந்தேன். வர்ற வண்டிக்காரனுக்குத் தெரியணுமில்லீங்க. அப்பறம் டிக்கியில இருந்து வீல் ஸ்பேனர எடுத்தேன். மாப்பளைய சட்டையப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். "மாமா, மாமா"ங்கறான். மாமனாவது கீமனாவது. மொத அடி முட்டியில. உழுந்துட்டான். அந்த எடது கைய ரோட்டு மேல வெச்சு, என் காலுல மிதிச்சுட்டு, ஸ்பேனருல அடிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எலும்பு ஒடியற சத்தம் காஞ்ச வெறகு ஒடியறாப்பல கேக்குது. "இந்தக் கைதான ஸ்டீரிங்க உட்டுச்சு? இனி உடுவியா? உடுவியா?"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். கை மாவாட்டம் ஆகிப் போச்சு. அவன் வாயில இருந்து நொரை வருது. ஒரு பஸ்ஸு சனம் எறங்கி நின்னு பாக்குது, ஒருத்தன் கிட்ட வரலியே.

அப்பறந்தான் எம் புள்ளையப் பாத்தேன். வாய்ல ரத்தத்தோட வெளிய நிக்கறா. அவ அம்மாதான் வெளிப்பக்கமா வந்து கதவத் தெறந்து உட்டிருக்கறா. அப்பனுக்கு ஒரு வார்த்த நன்றி சொல்லுவான்னு நெனைச்சேன். என்னப் பாத்து, "அப்பா, அவரு கை உட்டதுக்கா அடிச்சீங்க?" அப்படீன்னா. "பின்ன? நாலு உசுரு அம்மிணி!"ன்னேன். கல்ல எடுத்து ஓரமாப் போட்டா. முக்கோணத்தக் கொண்டாந்து டிக்கியில வெச்சா. அம்மாளப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு டிரைவர் சீட்டுல ஏறுனா. வண்டிய எடுத்துட்டா!

பொட்டப் புள்ளைக்கு ஸ்டீரிங்கு எதுக்குன்னு நான் தொடக் கூட உட்டதில்ல. காலேஜுப் படிக்கறப்ப எனக்குத் தெரியாம பாவாயி அவள டிரைவிங் ஸ்கூலுக்குத் தாட்டி உட்டிருக்கறா, லைசென்ஸும் எடுத்து வெச்சிருக்கறா. எத்தன வருசமா எங்கிட்ட மறைச்சிருக்கறாங்க பாத்தீங்களா, அம்மாளும் மகளும்? ரெண்டாவது கியருலயே வளைவு வளைவா எறங்கிப் போறா. ஆரன் அடிச்சு, ஏறி வர்ற பஸ்ஸுக்கு வழி உட்டு. நான் மேல நின்னு பாத்துட்டே இருந்தேன். என்னைய அந்த ஒடிஞ்ச கைக்காரனோட ரோட்டுல உட்டுட்டுப் போறாங்களேன்னு ஆத்திரம் ஒரு பக்கம். ஆனா பிரேக் லைட்டு எப்பவாச்சும்தான் எரியுதுங்க. நல்லா ஓட்டறா, இல்லீன்னு சொல்ல முடியாது.

அப்பறம் கீழ எறங்குன பஸ்ஸுல மாப்பளைய ஏத்திட்டு வந்து பாத்தா, அடிவாரத்துல காரவள்ளியில டீக்கடை ஓரமா வண்டி நின்னுது. ஒண்ணாவது கியர்ல, ஹேண்ட் பிரேக் போட்டு. சாவி கடக்காரர் கிட்ட. அவங்க ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க. சக்கரத்தத் தொட்டுப் பாத்தேன், ஒரு சூடில்ல. சீட்டுல ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. ரத்தக் கறைக்குச் சுடுதண்ணி ஊத்தக் கூடாதுங்க, பச்சத்தண்ணிதான். நல்லாத் தொடைச்சு எடுத்துட்டேன், இப்பப் பாத்தாத் தெரியாது.

மாப்பளையும் ஆசுபத்திரியில என்னக் காட்டிக் குடுக்கல. கார்க் கதவுல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிப்போட்டான், கௌரவம் இருக்குதுல்லீங்க. ரெண்டு பக்கத்துப் பங்காளிகளும் உக்காந்து பேசுனாங்க. வாழ்க்கைன்னா முன்னப்பின்ன இருக்கும், புள்ளைய அனுப்புங்க மாமான்னு அவனே சொன்னான். எனக்கு அதே ரோசன, திரும்பவும் ஒத்தக் கையில ஓட்டுவானோன்னு. அதனால நான் சொன்னேன், சும்மா வாய்ச் சொல்லு பத்தாது, அறுபதாம் படிக்கு வரச் சொல்லுங்கன்னு.

எங்கூரு மலக்கோயில்ல அறுபதாம் படின்னு இருக்குதுங்க. அதுல நின்னு சத்தியம் பண்ணிட்டா அப்பீலே கெடையாது. பொய்ச் சத்தியம் பண்ணுனவன் வம்சம் வெளங்காது. போன வெள்ளிக்கெழம அவன அங்க நிக்க வெச்சு, கற்பூரம் ஏத்தி, வலது கையில அத அணைக்க வெச்சுச் சத்தியம் வாங்கினேன். "வண்டி ஓட்டறப்ப எம் பொண்டாட்டி மேல கை வெக்க மாட்டேன்." நாந்தான் வார்த்த வார்த்தையாச் சொல்லிக் குடுத்தேன்.

ஒரு பங்காளி கேட்டாரு, ஏனுங்க, வண்டின்னு எதுக்கு, பொதுவா அடிக்க மாட்டேன்னே சொல்லச் சொல்லுங்களேன்னு. அவருக்கு ரோசன இல்லீங்க. ஆம்பள, கோவம் வந்தா ஊட்டுல ஒரு தட்டுத் தட்டாம இருப்பானா? இருக்க முடியாதத சத்தியம் பண்ணி, நாளைக்கு அடிச்சுட்டான்னு வெய்யுங்க, சாமி சும்மா உடுமா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு தாலி போறது? எம் புள்ள தாலிதான! அதெல்லாம் நெனைச்சுப் பாத்துத்தான் அளவா வாங்கினேன். காப்பாத்தக் கூடிய சத்தியமா இருக்கணுமில்லீங்க.

இன்னைக்குக் காத்தால அந்தச் சந்தோசத்தோடதான் ஈரோடு போனேன். சூரம்பட்டியில ஒத்த ரூமு. புள்ள ஜவுளிக் கடைக்குப் போறாளாம், பாவாயி மஞ்ச மண்டியில மஞ்ச பொறுக்கப் போறாளாம், அந்த மடங்காத வெரல வெச்சுட்டு. வாங்கன்னு கூடக் கேக்கல. நானே உக்காந்து, நானே எல்லாத்தையும் சொன்னேன். வண்டி ரிப்பேர் பண்ணி புதுசாட்டம் இருக்குது, பின்கதவுல அந்த லாக்க நானே எடுத்து உட்டுட்டேன், அறுபதாம் படியில சத்தியமும் ஆச்சு, கெளம்பு கண்ணுன்னேன்.

புள்ள எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஊட்டுலீங்கப்பா?" அப்படீன்னா.

"ஊட்டுல என்ன?"

"ஊட்டுல அடிச்சா?"

"ஊட்டுல அடிச்சா ரெண்டு அடி வாங்கிக்கோ. உங்கம்மா வாங்கலியா? முப்பத்திநாலு வருசம் வாங்குனா. செத்தா போயிட்டா? குத்துக்கல்லாட்டம் உக்காந்துட்டு இருக்கறாளே"ன்னேன்.

நெசத்தத்தானுங்க சொன்னேன். புள்ள எந்திரிச்சுப் போய் ஒரு பைலு எடுத்துட்டு வந்தா. ரெண்டு காயிதம். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குன்னு எழுதியிருக்குது. ஒண்ணு அவளோடது. கண்ணாடி, கழுத்து, கதவு, மல, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கறா. அடிச்சவங்கன்னு மொதப் பேரு நவநீதன். ரெண்டாவது பேரு அர்த்தநாரி. நானுங்களா? அவ உசுரக் காப்பாத்துன நானா? ஏர்பேக்குப் பாத்து வாங்கிக் குடுத்தவன் நானு, பெல்ட்ட எறக்கி வெச்சவன் நானு!

இன்னொண்ணு பாவாயியோடது. அவளுக்கு எழுதத் தெரியாது, புள்ளதான் எழுதியிருக்கறா. அவ கைநாட்டு வெச்சிருக்கறா. நம்பர் போட்டு, ஒண்ணு, ரெண்டுன்னு, நாலு பக்கமுங்க! எப்பவோ மறந்ததெல்லாம் இருக்குது. தொப்பூர் இருக்குது. மொளகா இருக்குது. வயித்துல மூணு மாசம் இருக்கறப்ப நான் ஒதைச்சதுனால கலைஞ்சு போச்சுன்னு ஒண்ணு எழுதியிருக்குது. அது சுத்தப் பொய்யிங்க. நான் ஒதைச்சது இடுப்புல. வயித்துல இல்ல. அதக் கூடச் சரியா ஞாபகம் வெச்சுக்காம போலீஸுக்கு எழுதலாமுங்களா?

வாங்கி ரெண்டையும் சுக்குச் சுக்காக் கிழிச்சு எறிஞ்சேன். புள்ள அசையவே இல்ல. "அது ஜெராக்ஸுங்கப்பா. ஒரிஜினல நேத்தே குடுத்துட்டோம்" அப்படீன்னா. கை தூக்கிட்டேன், ஆமா, ஒத்துக்கறேன். ஆனா அடிக்கல. பாவாயி குறுக்க வந்து நின்னா. முப்பத்திநாலு வருசத்துல நான் கை தூக்குனா அவ மூஞ்சிய மூடிக்குவா, சுருண்டுக்குவா. இன்னைக்கு மூடலீங்க. கண்ணச் சிமிட்டாம என்னையே பாத்துட்டு நின்னா. "அடிங்க, அதையும் எழுதிக்கறோம்" அப்படீன்னா. பக்கத்து ரூமு சனமெல்லாம் வாசல்ல வந்து நிக்குது. நான் என்ன பண்றது? செருப்பப் போட்டுட்டு எறங்கி வந்துட்டேன்.

இப்ப ஊட்டுக்குப் போனா போலீசு நிக்குமோ என்னமோ தெரியல. நிக்கட்டும். நான் சொல்லிக்குவேன். முப்பத்தொரு வருசம் ஒரு கேஸு இல்லாதவன் நானு. லைசென்ஸ எடுத்துக் காட்டுவேன், தப்பா ஓட்டுனான்னு குத்துன முத்திர ஒண்ணு இருக்காது அதுல. எஸ்.ஐ. அம்மாவுக்கு வண்டியப் பத்தித் தெரிஞ்சிருந்தாப் போதுமுங்க, நான் பண்ணுனது சரின்னு பாத்ததும் புரிஞ்சுக்குவாங்க. நீங்க சொல்லுங்க, ஒரு அப்பன் புள்ளையப் பத்திரமாப் பாத்துக்க இதுக்கு மேல என்னங்க பண்ணணும்?

ஏனுங்க, என்ன எந்திரிச்சுட்டீங்க? திருச்செங்கோடுன்னுதான சொன்னீங்க, இன்னும் தோக்கவாடியே வரலியே. முன்னால எடமில்லீங்க, கூட்டமா இருக்குது, நின்னுட்டுத்தான் போகணும். இருங்க, இருங்க. வண்டி ஓடறப்ப எந்திரிச்சு நடக்கக் கூடாதுங்க, உழுந்துருவீங்க. கம்பியப் புடிச்சுக்குங்க.